மொழிபெயர்க்காமல் விட்டது

ஸோசானின் பெட்டியில் துணிமணி கொஞ்சம்தான். மீதி இடம் முழுக்க அட்டையில் ஒட்டிய புகைப்படங்கள், மொத்தம் இருபத்திரண்டு. கோவில்பட்டி ரயில் நிலையத்தில் அதைத் தூக்கிய போர்ட்டர், உள்ளே என்ன கல்லா என்று கேட்டார். நான் ஜெர்மனில் சொன்னேன். கொஞ்சம் கல்லும் உண்டு என்றாள் ஸோசான். எரித்து இடிக்கப்பட்ட அவளுடைய ஊரின் படங்கள் அவை.

தொண்ணூற்றெட்டாம் வருடத்துத் தை மாதம். அப்போது நான் ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினான்கு வருடமாக நர்ஸாக இருந்தேன். ஸோசானுக்கு அதே இல்லத்தின் சமையலறையில் வேலை. துருக்கியின் தென்கிழக்கு மலைப்பக்கத்தில் பிறந்த குர்துப் பெண். ஐந்து வருடத்துக்கு முன் சிப்பாய்கள் அவள் ஊரை எரித்தபோது, மூன்று மலை தாண்டி நடந்து தப்பியவள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த மொழி ஜெர்மன் மட்டும்தான். இருவருமே அதைத் தப்பும் தவறுமாகப் பேசுவோம், அதனாலோ என்னவோ நன்றாகவே புரிந்துகொண்டோம்.

கோவில்பட்டியில் பால்ராஜ் என்று ஒரு கல்லூரிப் பேராசிரியர் மனித உரிமைக் குழு ஒன்றை நடத்திவந்தார். நான் ஒரு கடிதத்தில் ஸோசானைப் பற்றி எழுதப்போக, விடுமுறைக்கு வரும்போது அவளையும் அழைத்துவாருங்கள், ஒரு நினைவுக் கூட்டம் வைப்போம் என்று பதில் போட்டார். ஸோசான் உடனே சரி என்றாள். எரிந்த ஊரைப் பற்றிக் கேட்க யார் கூப்பிட்டாலும் போவாள். ஆறு பேர் இருந்த அறையில்கூட அவள் பேசியதைப் பார்த்திருக்கிறேன்.

பால்ராஜ் மாலையோடு வந்திருந்தார், கூடவே ஒரு கட்டு நோட்டீஸ். ஒன்றை வாங்கிப் பார்த்தேன். 'குருதி இன மக்களுக்கு அஞ்சலி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. குர்து என்று எழுதிக் கொடுத்ததை, பிழை என்று நினைத்து அச்சகத்துக்காரர் திருத்திவிட்டாராம். பால்ராஜ் நெளிந்தார். ஸோசான் என்ன விஷயம் என்று கேட்டாள். மறைக்க முடியவில்லை. அது எங்கள் மொழியில் ரத்தம் என்று அர்த்தம் என்றேன்.

"விடு, எங்களைப் பற்றி எத்தனையோ அச்சாகியிருக்கிறது. இது ஒன்றுதான் உண்மைக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது" என்றாள்.

மதியம் லாட்ஜுக்குப் பக்கத்து மெஸ்ஸில் சாப்பாடு. ரசத்தைத் தனியாக டம்ளரில் வாங்கிக் குடித்தாள். மோர் வந்ததும் அவள் முகம் மலர்ந்தது. உப்புப் போட்ட மோர் அவள் ஊரிலும் உண்டாம். ஜெர்மனியில் ஐந்து வருடமாக யாரும் மோர் கொடுக்கவில்லை என்று மூன்று டம்ளர் குடித்தாள். பரிமாறியவர் கணக்குப் பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் என்று ஏற்பாடு. மூன்று மணிக்கு மண்டபத்துக்காரர் ஆள் அனுப்பி, முடியாது என்றுவிட்டார். யாரோ போலீஸ்காரர் வந்து, வெளிநாட்டுக்காரி எதற்கு வருகிறாள் என்று விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார். கடைசியில் ஒரு டுடோரியல் சென்டரின் மாடியறையில் நடத்தினோம். கரும்பலகையில் யாரோ எழுதிய வட்டிக் கணக்குச் சூத்திரத்தை அழிக்க டஸ்டர் கிடைக்கவில்லை. அதன் முன்னால் நின்றுதான் ஸோசான் பேசினாள்.

அவளுக்கு முன்னால் ஐந்து பேர் பேசினார்கள். அவளுடைய ஊர் எரிந்ததைப் பற்றி அவளுக்கே தெரியாத விவரங்களை எல்லாம் சொன்னார்கள். அவளுக்குக் கிடைத்தது, என் மொழிபெயர்ப்பும் சேர்த்து, பதினைந்து நிமிடம். காலையில் வந்த சிப்பாய்கள் மதியம்வரை நேரம் கொடுத்ததையும், ஆட்டுமந்தையைச் சுட்டுக் கிணற்றில் போட்டதையும், பிறகு அந்தக் கிணற்றைச் சிமெண்ட் ஊற்றி மூடியதையும் சொன்னாள். கடைசியில் திரும்பிவராதவர்கள் பதினான்கு பேரின் பெயர்களை வாசித்தாள். நாலாவது பெயர் அவளுடைய தம்பி. கூட்டம் எழுந்து நின்றது. பின்வரிசையில் சாதாரண உடையில் இருந்த ஒருவர் மட்டும் உட்கார்ந்தபடி எழுதிக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, குர்து என்பதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது மேடம் என்று மரியாதையாகக் கேட்டார்.

மறுநாள் சனிக்கிழமை, என் ஊருக்குப் புறப்பட்டோம். விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவக் கிராமம். பெயரை எழுதப்போவதில்லை. அங்கே இன்னும் வாழ வேண்டியிருக்கிற ஒருத்திக்காக.

பஸ் நிலையத்தில் நிற்கும்போது வண்டிப் பலகைகளை எல்லாம் வாசித்துச் சொல்லும்படி ஸோசான் கேட்டாள். எப்போதும்வென்றான் என்று ஒரு பலகை. அர்த்தம் சொன்னதும் சிரித்தாள். யார் வென்றது, யாரை என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவளுடைய ஊருக்கு அவர்கள் மொழியில் இருந்த பெயரை அரசாங்கம் எப்போதோ எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்துவிட்டதாம். எரித்தபோது புதுப்பெயர்ப் பலகையை மட்டும் எரிக்காமல் விட்டார்கள் என்றாள்.

எட்டயபுரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டயர் வெடித்தது. பருவம் தப்பி முந்தின நாள் மழை பெய்திருந்தது. இறங்கிய எல்லோர் செருப்பிலும் கரிசல் மண் அப்பிக்கொண்டு, ஆளுக்கு இரண்டு விரற்கடை உயரமாகிவிட்டோம். இரு பக்கமும் பருத்தியும் மிளகாயும். ஸோசான் குனிந்து மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தாள். அவர்களுடையது கல் பூமி, இந்த மாதிரி மண் இருந்தால் யாரும் ஊரைவிட்டுப் போயிருக்கமாட்டோம் என்றாள். இந்த மண் இருந்தும்தான் நாங்கள் பாதிப்பேர் போயிருந்தோம்.

கூடையோடு பயணம் செய்த ஒரு அம்மா, அவித்த பனங்கிழங்கை எங்களுக்கு ஆளுக்கு இரண்டு கொடுத்தார். ஸோசான் நாரையும் சேர்த்து மென்றாள். இந்தப் பிள்ளைக்குத் தாய் தகப்பன் இருக்காவளா என்று அந்த அம்மா கேட்டார். தாய் மட்டும் ஒரு நகரத்துச் சேரியில் இருக்கிறாள் என்றேன். ஊருக்குத் திரும்பிப் போகமுடியாதா என்று கேட்டார். முடியாது என்றதும் இன்னும் இரண்டு கிழங்கை எடுத்து அவள் பையில் திணித்தார்.

வீட்டில் அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். அந்தோணிசாமி அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவர். அப்பா இறந்தபிறகு என்னைப் படிக்கவைத்து நர்ஸிங் அனுப்பியவர். கொஞ்சம் நிலம், விளாத்திகுளத்தில் ஓர் உரக்கடை, கோயில் கமிட்டியில் முக்கியமான ஆள். "ஏட்டி ரோஸு, மெலிஞ்சிட்டியே" என்று என் தலையில் கைவைத்தபோது எனக்குக் கண்ணீர் வந்தது. மதினி நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார். ஸோசானுக்கு விக்கல் எடுக்க, அண்ணனே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் கதையை நான் சொல்லச்சொல்லக் கேட்டவர், சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். இந்தப் படங்களை நாளைக்குப் பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் வைப்போம், ஊர்ச்சனம் பார்க்கட்டும் என்று அவர்தான் சொன்னார். பங்குச் சாமியாரிடமும் அவரே போய்ப் பேசினார்.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் துன்பப்படும் குர்து மக்களுக்காக ஒரு செபம் சொன்னார். எங்கள் தெரு ஜனங்கள் நடுவில் உட்கார்ந்து மறுமொழி சொன்னார்கள். காலனி ஜனங்கள் இடதுபக்கச் சிறகில். நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான். கல்லறைத் தோட்டத்திலும் நடுவில் ஒரு சுவர் உண்டு. ஜெர்மனியிலிருந்து வந்து உட்கார்ந்த அன்றுகூட எனக்கு அது உறுத்தவில்லை என்பதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். ஸோசான் காதருகே குனிந்து, அவர்கள் ஏன் தனியாக இருக்கிறார்கள் என்று கேட்டாள். அது அவர்கள் இடம் என்றேன்.

மாதா கெபிக்கு முன்னால் பெஞ்சுகளைப் போட்டுப் படங்களைச் சாய்த்து வைத்திருந்தோம். கூட்டம் சுற்றிவந்தது. சிமெண்ட் ஊற்றிய கிணற்றின் படத்துக்கு முன் அண்ணன் வெகுநேரம் நின்றார். குடிக்கிற தண்ணீரில் கைவைக்கிறவன் மனுஷனா என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. அது எனக்கு இன்றுவரை நிச்சயம்.

எங்கள் தெரு ஜனங்கள் நகர்ந்தபிறகுதான் காலனி ஜனங்கள் படங்களுக்குப் பக்கத்தில் வந்தார்கள். அதில் சூசையம்மாளை நான் அடையாளம் கண்டுகொண்டேன். அஞ்சாம் வகுப்புவரை என்னோடு படித்தவள். நான் அவளை நீ என்றேன், அவள் என்னை நீங்க என்றாள். கிணற்றுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் மெல்லச் சொன்னாள்.

"அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லுங்க. எங்க கெணத்துலயும் பூச்சிமருந்த ஊத்துனாவ. எம்மக செசிந்தா அதக் குடிச்சித்தான் செத்தா."

அண்ணன் நான்கடி தள்ளி நின்றார். என்ன சொல்கிறாள் என்று ஸோசான் கேட்டாள்.

"இவர்கள் கிணற்றிலும் நல்ல தண்ணீர் இல்லையாம்" என்றேன்.

எப்படி அந்த வார்த்தை என் வாயில் வந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். யோசித்துச் சொன்னதில்லை. அண்ணன் பக்கத்தில் இருந்தார், சாமியார் இருந்தார், விருந்தாளி முன்னால் ஊர் மானம் என்று ஏதோ ஒன்று. மூன்று வருடத்துக்கு முன் இந்தப் பக்கமெல்லாம் கலவரம் நடந்தபோது, நம்மூரிலும் ஒரு சின்னப் பிரச்னை, இப்போது சரியாகிவிட்டது என்று அண்ணன் ஒரே வரியில் எழுதியிருந்தார். நானும் அந்த ஒரு வரியோடு விட்டுவிட்டிருந்தேன்.

சூசையம்மாள் போய்விட்டாள். ஸோசான் படங்களை அடுக்கியபடி என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"அவள் அவ்வளவு நேரம் பேசினாள். நீ ஒரே வாக்கியம் சொன்னாய்."

நான் ஏதோ சமாளித்தேன்.

"அகதி விண்ணப்பத்துக்கு என்னை விசாரித்தபோது ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். என் தம்பியை எப்படிக் கொண்டுபோனார்கள் என்று அரைமணி நேரம் சொன்னேன். அவர் மூன்று வாக்கியம் சொன்னார். விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள், பிறகு மேல்முறையீட்டில்தான் கிடைத்தது. நீ சுருக்கும்போது எனக்குத் தெரியும், ரோஸ்லின். எந்த மொழியில் சுருக்கினாலும் தெரியும்."

அன்று முழுவதும் அவள் என்னோடு வேறு எதுவும் பேசவில்லை. மதினி சுட்ட கம்பு தோசையை நன்றி சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை இருவரும் காலனிக்குப் போனோம். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அந்த வயதுவரை நான் அங்கே போனதில் அது இரண்டாவது முறைதான். தீப்பெட்டித் தொழிற்சாலையின் வேன் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அப்போதுதான் போயிருந்தது. சூசையம்மாள் மிளகாய் எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தவள், எங்களைப் பார்த்ததும் கூடையை இறக்கிவைத்தாள். உட்காரச் சொல்லவில்லை. கிணற்றைக் காட்டு என்று நான் கேட்டதும் முன்னால் நடந்தாள்.

கிணற்றின் வாயில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு சிலுவைகூட இல்லை. ஸோசான் முள்ளை விலக்கி எட்டிப் பார்த்தாள். நான் சூசையம்மாளிடம், நேற்று நீ சொன்னதை நான் சரியாகச் சொல்லவில்லை, இன்று முழுசாகச் சொல்கிறேன் என்றேன். "எனக்குத் தெரியும், நீங்க பேசுனது ரொம்பச் சின்னதா இருந்துச்சி" என்றாள்.

அவள் சொன்னதை ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்தி ஜெர்மனில் சொன்னேன். கோயில் திருவிழாவுக்குச் சப்பரம் தங்கள் தெருவுக்கும் வரட்டும் என்று காலனியில் கேட்டிருக்கிறார்கள். ஒரு வாரம் வாய்ச்சண்டையாக இருந்தது. பிறகு ஒருநாள் வைக்கோல் படப்புகளில் தீ. பதினோரு வீடுகள். ஜனங்கள் பருத்திக்காட்டுக்குள் ஓடி, விடிந்தபிறகு திரும்பினார்கள். திரும்பியவர்களில் முதலில் கிணற்றுக்குப் போனவள் ஜெசிந்தா. பதினேழு வயது. தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கிற வேலை. இறைத்த முதல் வாளியிலேயே வாய்வைத்துக் குடித்திருக்கிறாள்.

"வாடை தெரியலயா?" என்று கேட்டேன்.

"புகையில எல்லார் மூக்கும் செத்துப்போச்சி. விளாத்திகுளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள போயிட்டா."

ஸோசான் கேட்டாள், வழக்கு நடந்ததா என்று. சூசையம்மாள் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"காதல் தோல்வி, மருந்தக் குடிச்சிச் செத்துட்டான்னு போலீஸ்ல எழுதுனாவ. எம்மக யாரையும் காதலிக்கல. முந்தினநாள் அவளே கடையில வந்து மருந்து வாங்குனான்னு சாட்சி சொல்லியாச்சி. சொன்னது ஒங்கண்ணன்தான்."

ஸோசான் காத்துக்கொண்டிருந்தாள். மொழிபெயர்ப்பதைத் தவிர அப்போது வேறு எதுவும் எனக்குச் செய்யத் தெரியவில்லை. சாட்சி சொன்னது பூச்சிமருந்துக் கடைக்காரர் என்றேன். பிறகு, என் அண்ணன் என்றேன். ஜெர்மனில் அதற்கு இரண்டே சொல்தான். சொல்லி முடித்ததும் கிணற்றுக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். சூசையம்மாள் என்னைத் தொடவில்லை, தேற்றவும் இல்லை. அவள் ஏன் தேற்றவேண்டும்?

ஸோசான் தன் நோட்டை எடுத்தாள். அந்தப் பதினான்கு பெயர்கள் இருந்த பக்கம். உங்கள் மகளின் பெயரையும் எங்கள் பெயர்களோடு சேர்த்து வாசிக்கலாமா என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

"பேரச் சொல்லி என்ன செய்ய?" என்றாள் சூசையம்மாள். "வாசிக்கட்டும், வேண்டாங்கல. ஆனா அந்தப் பேப்பர்ல எழுதியிருக்குதத மாத்தணும். அத மாத்த ஏலுமான்னு கேளுங்க. எம்பிள்ள தானா சாகல."

திரும்பும் வழியில் ஸோசான் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வெகுதூரம் வந்தபிறகு ஒன்று சொன்னாள். எந்த வீட்டில் எத்தனை ஆண்கள் என்று சிப்பாய்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் அவளுடைய தாய்மாமனாம். சம்பளம் வாங்கிக்கொண்டு அவர்களுக்கு ஊர்க்காவல் பார்த்தவர். கூட்டங்களில் இதை அவள் சொல்வதில்லை. "நானும் சுருக்கித்தான் சொல்கிறேன்" என்றாள்.

அண்ணன் மதியச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்திருந்தார். காலனிக்குப் போன செய்தி எங்களுக்கு முன்னால் வீடு வந்துவிட்டிருந்தது. நான் சுற்றிவளைக்காமல் கேட்டேன். அந்தப் பிள்ளை உங்களிடம் மருந்து வாங்கினாளா?

அவர் வெகுநேரம் சோற்றைப் பிசைந்தார்.

"வாங்கல. போலீஸ்காரவியளே எழுதிட்டு வந்து காட்டுனாவ. கையெழுத்துப் போட்டேன்."

"கிணத்துல ஊத்தின மருந்து?"

"எங்கடையில உள்ளதுதான். யாரு எடுத்துட்டுப் போனான்னு என்னக் கேக்காத. நான் கையெழுத்துப் போடலன்னா நம்ம தெருவுல எத்தன ஆம்பளைய உள்ள போயிருப்பாவ, தெரியுமா ஒனக்கு? எல்லாம் ஒனக்கு மாமன் மச்சான்தான். செத்தபிள்ள திரும்பி வந்துருவாளா?"

நேற்று கிணற்றுப் படத்துக்கு முன்னால் அழுதீர்களே என்றேன். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. அது பட்டாளத்துக்காரன் செய்தது, இது ஊர்க்காரியம், இரண்டையும் ஏன் ஒன்றாக்குகிறாய் என்று கேட்டார். ஸோசானைக் கைகாட்டி, "அந்தப் பிள்ளைக்கு இதையெல்லாம் என்னத்துக்குச் சொன்ன?" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. மதினி சமையலறையில் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். என்னை வளர்த்த மனிதரின் எதிரில் நின்று, நான் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். பெட்டியை எடுத்தோம். பஸ் நிறுத்தம்வரை யாரும் கூட வரவில்லை.

செவ்வாய்க்கிழமை கோவில்பட்டியில் பால்ராஜைப் பார்த்தேன். அவர் அதிர்ச்சி அடைவார், உடனே ஏதாவது செய்வார் என்று நம்பிப் போனேன். அவர் பீரோவைத் திறந்து டைப் அடித்த ஏழெட்டுப் பக்கங்களை எடுத்துக் காட்டினார். கலவரம் நடந்த அடுத்த மாதமே அவருடைய குழு அங்கே போய் விசாரித்து எழுதிய அறிக்கை. ஜெசிந்தாவின் பெயர், கிணறு, என் அண்ணனின் பெயர், எல்லாம் இருந்தது.

ஏன் வெளியிடவில்லை என்று கேட்டேன். குழுவில் பாதிப்பேர் என் சாதிக்காரர்கள், சாமியார்களின் உதவி வேண்டியிருக்கிறது, வெளியிட்டிருந்தால் குழுவே உடைந்திருக்கும் என்றார். "லோக்கல் பிரச்னை, ரோஸ்லின். ரொம்ப சென்சிடிவ். கொஞ்சம் ஆறட்டும்னு வச்சிருக்கேன்." அவர் கெட்டவர் இல்லை. மலைகளுக்கு அப்பால் எரிந்த ஊருக்காக உண்மையாகவே வருந்தக்கூடியவர். மேசையில் 'குருதி இன மக்களுக்கு அஞ்சலி' நோட்டீஸ் மிச்சம் கிடந்தது. நாங்கள் பேசியதையெல்லாம் ஸோசானுக்குச் சொன்னேன், ஒரு சொல் குறையாமல். அவள் பால்ராஜிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். அந்த அறிக்கையின் நகல் கிடைக்குமா? அவர் கொடுத்தார்.

அன்றே ஒரு வக்கீலைப் பிடித்து, அண்ணன் என்னிடம் சொன்னதைப் பிரமாண வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுபடி விசாரிக்கக் கோரிச் சூசையம்மாள் பெயரில் மனு. சொல்லியனுப்பியதும் அவள் கோவில்பட்டிக்கு வந்து கைநாட்டு வைக்காமல், எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். அஞ்சாம் வகுப்பில் கற்றது. வெளியே வந்ததும் ஸோசான் ஒரு பை கடலைமிட்டாய் வாங்கி அவளுக்குக் கொடுத்தாள். இருவரும் ஒரு மொழியும் இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றார்கள். மறுநாள் எங்களுக்கு ரயில்.

விசாரணைக்கு அழைப்பு வர இரண்டு வருடம் ஆனது. விடுப்பு எடுத்துக்கொண்டு, இந்தமுறை தனியாக வந்தேன். ஒரு அதிகாரியின் அறையில் அண்ணனும் நானும் எதிரெதிரே நின்றோம். தங்கச்சி வெளிநாட்டில் இருந்து மனம் குழம்பிவிட்டாள், நான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்றார். என்னிடம் கேட்டது இரண்டு கேள்விதான். எத்தனை வருடமாக ஊரில் இல்லை? சம்பவம் நடந்தபோது எங்கே இருந்தீர்கள்? சூசையம்மாளிடம் அந்த அளவுகூடக் கேட்கவில்லை. பால்ராஜ் சாட்சிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார், வரவில்லை. மறுவிசாரணைக்கு முகாந்திரம் இல்லை என்று முடிந்தது. ஜெசிந்தா அந்தக் காகிதத்தில் இன்றும் காதல் தோல்வியால்தான் செத்துக்கொண்டிருக்கிறாள்.

வெளியே வந்து நானும் சூசையம்மாளும் விளாத்திகுளம் பஸ் நிலையத்தில் நின்றோம். மனுப் போட்ட மாதத்திலிருந்து எங்கள் தெருக்காரர்கள் யாரும் சூசையம்மாளை மிளகாய் எடுக்கக் கூப்பிடுவதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பஸ் மாறிப் போய், யாரும் அறியாத ஊரில் பருத்தி எடுக்கிறாள். யாரையாவது வைத்து எழுதி அனுப்பிய ஒரு கடிதத்தில்கூட அவள் இதைச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

மேல்முறையீடு செய்வோம், மெட்ராஸில் பெரிய வக்கீல் இருக்கிறார், ஜெர்மனியில் இதைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுத ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க வந்து உள்ளதச் சொன்னீங்க, இல்லங்கல" என்றாள். "சொல்லிட்டு நீங்க ஏரோப்பிளேன் ஏறிருவீங்க. நான் நாளைக்கு ஒங்கண்ணன் கடைக்கு முன்னாலதான் நடந்து போவணும்."

வண்டி வந்தது. அவள் ஏறினாள். அடுத்த வாரம் நான் விமானம் ஏறினேன்.